சொந்தக்காரர் இல்லாத ஊர்

ஜூலை மாதம் மருமகன் பிரவினுக்குக் கிடைத்த லீவு எட்டே நாள். நாங்கள் இரண்டு பேரும் ஊரிலிருந்து போய்ச் சேர்ந்ததும், பாரிஸ் பக்கத்தில் மகள் வீட்டிலிருந்து எல்லோருமாகக் காரில் கிளம்பி, கிராமம் கிராமமாகப் பார்த்துக்கொண்டே லூர்து மாதா கோயில் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். “எந்த வழியா போறதுன்னு நீயே முடிவு பண்ணும்மா” என்று என் மகள் ஜெர்லின் போனில் சொன்னாள். ஐம்பத்தாறு வயதில் என்னைப் பார்த்து ஒருவர் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம் நீடித்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் சிலுவைராஜ் பேனாவைத் திறந்துவிட்டார்.

மின்துறையில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி ரிடையர் ஆனவர். கையில் பேனா இருந்தால் நிறுத்தமாட்டார். காரைக்காலில் பாதி வீட்டுக்கு பிரான்சில் ஆள் உண்டு. ஒரு ஊர் வழியாகப் போனால், அங்கே இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கை நனைக்காமல் போகக்கூடாது. போனால், நாம் அடுத்த ஊர் போய்ச் சேர்வதற்குள் “வாசலைத் தாண்டிப் போயிட்டாங்க” என்ற செய்தி காரைக்கால் வந்து சேர்ந்துவிடும். அப்புறம் சாவு வீட்டில்கூட முகம் கொடுக்கமாட்டார்கள்.

ஆகவே முதல் நாள் ஓர்லேயான், அவருடைய சித்தப்பா மகள் வீடு. இரண்டாம் நாள் துர், என் பெரியம்மா பேத்தி. அதற்கடுத்து புவாத்தியே. போர்தோவில் மட்டும் மூன்று வீடு. ஒருவர் வீட்டில் மதியம், ஒருவர் வீட்டில் ராத்திரி, மூன்றாமவர் கோபித்துக்கொள்வார் என்பதால் அவருக்குக் காலைப் பலகாரம். எட்டு நாளில் பதினோரு வீடு. லூர்து மாதாவுக்கு நாற்பது நிமிஷம் ஒதுக்கியிருந்தார். மாதா கோபித்துக்கொள்ளமாட்டாள் என்ற தைரியம்.

பிரான்சுக்கு ஒரு தடவை போய்வந்தவள் நான். எனக்குத் தெரியும். நாலாவது மாடி வீடு. உள்ளே நுழைந்ததும் ஆண்கள் சோபாவில் உட்கார்ந்துகொள்வார்கள். டிவியில் நம் சீரியல் ஓடும். என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய் வெங்காயக் கூடையைக் கையில் கொடுப்பார்கள். இங்கே கோட்டுச்சேரியில் என் வீட்டில் உரிக்கிற வெங்காயத்தை போர்தோவில் போய் உரிப்பதற்கு விசா எதற்கு?

எனக்கு வேண்டியது ஒரே ஒரு நாள். ஒரு ஆற்றங்கரை, யாரோ சுட்ட ரொட்டி, அத்தை, சித்தி, அக்கா என்று ஒருவரும் என்னைக் கூப்பிடாத ஒரு பகல். இதை அவரிடம் வெளிப்படையாகவே சொன்னேன். நம் ஆள் ஒருத்தரும் இல்லாத ஊராகப் பாருங்கள் என்றேன். மனிதர் நியாயமாகத்தான் தேடினார். இரண்டு நாள் மேப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எந்த மூலைக்குப் போனாலும் அங்கே யாராவது ஒருவர் முளைத்தார். இருநூறு பேர் வசிக்கும் ஒரு கிராமத்தை நான் காட்டினால், அதன் பக்கத்து ஊரில்தான் அடுத்த தெரு மங்கையர்க்கரசியின் மகன் வேலை பார்க்கிறானாம். விஷயம் காதில் விழுந்த அன்றே அந்த அம்மாள் மகனிடம் கொடுக்கச் சொல்லி இரண்டு கிலோ வடகத்தோடு எங்கள் வாசலில் நின்றாள்.

மூன்றாம் நாள் நானே கண்டுபிடித்தேன். அங்குலேம். லூர்துக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. ஆறு ஓடுகிறது, ஆற்றை ஒட்டிக் கிராமங்கள். அந்த ஊரில் எங்களுக்கு ஆள் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தம்பி ஜான்பீட்டர் அங்கேதான் இருக்கிறார். ஆனால் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. எங்களில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை மூத்தவர் வீட்டுக்கு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், சர்க்கரையோடு நேரில் வரவேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் உள்ளூரில் ஒருவரை அனுப்பியாவது வைப்பார்கள். ஜான்பீட்டர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போட்டார். அதையும் அண்ணனுக்குத் தனியாக அனுப்பவில்லை. கோயில் குரூப்பில் நூற்று நாற்பது பேரோடு சேர்த்து அனுப்பினார். மளிகைக்கடைக்காரருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே நிமிஷத்தில் அழைப்பு வந்தது. நாங்கள் வாழ்த்தவில்லை. அவர் ஏன் என்று கேட்கவில்லை.

பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குப் போகவேண்டியதில்லை. போனால்தான் மானக்கேடு. ஆக, மொத்த பிரான்சிலும் எங்களுக்கு விடுதலை உள்ள ஒரே ஊர் அங்குலேம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. ஒரு நாள் போதுமா என்று கேட்டார். அவராகவே பட்டியலில் துர் வீட்டை அடித்துவிட்டு அங்குலேமுக்கு இரண்டு நாள் போட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்த வாரம் இரண்டு புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார். ஜெர்லினுக்குப் போன் போட்டு, அங்குலேமில் ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு, சந்தை என்றைக்கு, ஜனங்கள் சாயங்காலம் எந்தப் பக்கம் நடக்கப் போவார்கள் என்று விசாரித்தார். ஊரைத் தெரிந்துகொள்ளத்தான் என்றார். போன ஞாயிறு கோயிலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அந்த ஊரில் மொத்தம் எவ்வளவு பேர் இருப்பார்கள் என்று கேட்டார். நாற்பதாயிரம் என்று ஜெர்லின் சொன்னதாகச் சொன்னேன். அவர் முகம் தொங்கிவிட்டது.

“அவ்ளோ பேரா?” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தேன். அந்த ஊருக்கு எதற்கு வருகிறீர்கள் என்று நேராகவே கேட்டேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “அழைக்காத வீட்டுக்கு நாமளா போய் நிக்கக் கூடாதுதான், அற்புதம். ஆனா கோயில்லயோ சந்தையிலயோ அவன் எதிர்ல வந்துட்டான்னா, அது நாம போனதா ஆவாதுல்ல?”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் ஒரு நாளையும் நாற்பதாயிரம் பேருக்கு நடுவில் தம்பியைத் தேடுவதற்குத்தான் போட்டிருக்கிறார். அதே சமயம் பாவமாகவும் இருந்தது. அறுபத்திரண்டு வயது மனிதர், தம்பி எதிரில் வருவான் என்று சட்டை தைத்து வைத்திருக்கிறார். கோபமும் பாவமும் சேர்ந்து வந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன். ஜெர்லினிடம் நம்பர் வாங்கி, கையைக்கூடத் துடைக்காமல் ஜான்பீட்டருக்கு அடித்தேன். அங்கே காலை பத்து மணி.

“அற்புதம் பேசுறேன்” என்றேன்.

ஒன்பது வருஷம் கழித்துக் கேட்ட குரல் உடனே பதறியது. “அண்ணி, அண்ணனுக்கு ஒண்ணும் இல்லையே?”

ஒன்றும் இல்லை, நன்றாகத் தின்றுகொண்டுதான் இருக்கிறார் என்றேன். மறுமுனையில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பத்திரிகை விஷயத்தை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன் என்பதை முதலில் தெளிவாகச் சொன்னேன். பிறகு விஷயத்துக்கு வந்தேன்.

“ஜூலையில அந்தப் பக்கம் வர்றோம். காலையில இவரை உங்க வாசல்ல எறக்கி விட்டுருவோம், பொழுது சாய வந்து கூட்டிக்குவோம். சோறு போடுங்க, சண்டை போடுங்க, அது உங்க பாடு. நான் உள்ள வரமாட்டேன், தம்பி. எனக்கு அன்னிக்கு ஆத்தங்கரையில வேலை இருக்கு.”

நீங்கள் வராமல் எப்படி என்று அவர் இழுத்தார். அடுத்த தடவை வருகிறேன், அதுவும் பத்திரிகை நேரில் வந்தால் என்றேன். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். பதில் சொல்லிவிட்டு வைத்தேன்.

திரும்பினால், காயாத எச்சில் கையோடு என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சொன்னான்?”

“எத்தனை மணிக்கு வருவாருன்னு கேட்டாரு. பத்துன்னு சொல்லியிருக்கேன்.”

அவர் அதை யோசித்தார். “ஏழுன்னு சொல்லியிருக்கலாம். அவன் அஞ்சு மணிக்கே எந்திரிச்சிருவான்” என்றார்.