முழங்காலில் வைத்த கத்தி

"ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்ல கால்ல கத்தி வெக்காதீங்க. முடி இருந்தா நாங்களே மெஷின்ல எடுத்துக்கறோம்" என்று நர்ஸ் சொன்னதுதான் சலூன்காரருக்குப் பொறுக்கவில்லை. ஊரே கழுத்தை நீட்டிவிட்டுக் கண்ணை மூடுகிற கை அவருடையது. அந்தக் கையை ஒரு சின்னப் பெண் வேண்டாம் என்பதா? மூட்டு மாற்றும் ஆபரேஷனுக்கு முதல் நாள் காலை, மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, புது பிளேடு போட்டு, வலது முழங்காலை வழவழவென்று மழித்துவிட்டார். ஓரிடத்தில் கடுகளவு கீறல். படிகாரம் தேய்த்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் அது யார் கண்ணிலும் படவில்லை.

"கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு நேரம் எடுக்க மாட்டீங்களே!" என்று அன்றைக்கு அவள் சிரித்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது அதே முழங்கால் சிவந்து வீங்கி, தையல் ஓரத்தில் சீழ் கசிகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சலோடு கிடக்கிறாள். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"திறந்து கழுவணும். அதுக்கும் அடங்கலேன்னா, உள்ள வெச்ச செயற்கை மூட்டையே எடுக்க வேண்டி வரும். ஆபரேஷனுக்கு முன்னாடி கால்ல கீறல் ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றாள் அவள், சட்டென்று.

புருஷன் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று சலூன்காரருக்குப் புரிந்தது. நாளெல்லாம் ஊர்வம்பு பேசுகிற வாயில் எச்சில்கூட ஊறவில்லை.

"இருந்துச்சு. நான்தான் மழிச்சேன். நர்ஸம்மா வேணாம்னு சொல்லியும் கேக்கல."

"பிளேடு பட்டா கண்ணுக்குத் தெரியாத கீறல் நிறைய விழும். அதுல வந்திருக்கலாம், வேற வழியாவும் வந்திருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது" என்றுவிட்டு டாக்டர் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சலூன்காரருக்கு.

"எதுக்குச் சொன்னீங்க? இனி யாரு உங்ககிட்ட தலையக் குடுப்பா?" என்று சீறினாள் மனைவி.

"யாரும் குடுக்க வேணாம். நீ எழுந்து நடந்தா போதும்."

திறந்து கழுவுவதற்கு முன் முடி எடுக்க, மெஷினோடு அதே நர்ஸ் வந்தாள். காலில் மறுபடி முளைத்திருந்த முடியை அவள் எடுக்கத் தொடங்கியதும், தோலை இழுத்துப் பிடிக்க அவர் கை பழக்கத்தில் தானாக நீண்டது. பாதியில் சுதாரித்து, சூடு பட்டதுபோல் இழுத்துக்கொண்டார்.

மனைவி பார்த்துவிட்டாள். "அந்தக் கைய இங்க குடுங்க."

கொடுத்தார். கொதிக்கும் விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குங்க. மூட்ட எடுத்துருவாங்களா?"

எத்தனையோ கழுத்துகளில் அசங்காமல் கத்தி ஓட்டிய அந்தக் கையை அவளிடமே விட்டுவிட்டு, மறு கையால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டார்.