மஞ்சள் குட்டிகள்

ஆறு வருடமாக ஒரே ஒரு புரதத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள் அவள். ஆய்வகத்தில் அவளுக்குக் 'காவல்காரி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் புரதத்தின் வேலை காவல் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவளாகவே சம்பாதித்துக்கொண்ட பெயர் அது.

நம் டி.என்.ஏ.வில் கிட்டத்தட்டப் பாதி, ஊர் விட்டு ஊர் தாவும் துண்டுகளும் அவற்றின் மிச்சங்களும்தான். தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு கண்ட இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும் ஜாதி அவை. அவள் புரதம் அப்படிப்பட்ட துண்டைத் தேடிப் பிடித்து, மேலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திவிடும். துண்டு கொஞ்சம் உருமாறித் தப்பும். அதைப் பிடிக்கப் புதுப் புரதம் வரும். கோடிக்கணக்கான வருடங்களாக நடக்கும் இந்த மல்லுக்கட்டுதான் உயிர்களை இப்படி இப்படி மாற்றியது என்பது அவள் கட்சி.

கட்சி இருந்து என்ன, சாட்சி வேண்டுமே! அந்தப் புரதமே இல்லாத கறுப்பு எலிகளை உருவாக்கினாள். காவல் போனால் ஏதாவது ரகளை நடக்க வேண்டும். நான்கு வருடம், பதினோரு தலைமுறை, ஒரு மண்ணும் நடக்கவில்லை. அவள் பார்த்த எலிகளெல்லாம் கறுகறுவென்று, கொழுகொழுவென்று திரிந்தன.

"உங்க காவல்காரன் சும்மா உக்காந்திருக்கான்மா," என்றார் பேராசிரியர். "எலிகளை முடிச்சுடுங்க. வெள்ளிக்கிழமையோட உங்க வேலையும் முடியுது. நான் என்ன பண்ண?"

திங்கட்கிழமை காலை, எலிகளைக் கொல்லச் சொல்லும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலம், காலிக் கூண்டுகளின் அட்டைகளை வாங்கிக்கொள்ள எலிக்கூடத்துக்குப் போனாள். அங்கே எல்லாம் எலியண்ணன் ராஜ்ஜியம். பிறந்த குட்டிகளை மூன்று வாரம் வரை அவர் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் அவை அவள் கணக்குக்கு வரும். மனிதர் வேலையில் படு சுத்தம்.

"மனசு கேக்கல மேடம்," என்றார் அவர், அட்டைகளையும் தன் பழைய நோட்டையும் நீட்டி. "இதையும் வச்சுக்கோங்க. கலப்புக் குட்டி எடுத்த தேதியெல்லாம் இருக்கு."

"என்ன கலப்பு?"

"மஞ்சக் குட்டிங்கதான். முடி முளைச்சதும் தெரிஞ்சுடும்ல? அன்னிக்கே எடுத்து முடிச்சுடுவேன்."

நோட்டைப் புரட்டினாள். முப்பத்தேழு குட்டிகள். முதல் இரண்டு தலைமுறையில் ஒன்றுமில்லை. அதன் பிறகு தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போயிருந்தது. நிறத்துக்கான மரபணுவின் பக்கத்தில் ஒரு துண்டு போய் உட்கார்ந்து ஆட்டம் போட்டிருக்கிறது. அவள் ஆறு வருடமாகத் தவம் கிடந்த ரகளை இதுதான்.

"பக்கத்துக் கூண்டு சாதாரண எலிக்கு வந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல. உங்களதுல மட்டும்தான்."

"எங்கிட்ட ஏண்ணே சொல்லல?" நோட்டை மூடினாள். "ஒண்ணாவது ஃப்ரீசர்ல இருக்கா? ஒரே ஒண்ணு?"

"மத்தியானமே செத்த எலிங்களை எரிக்கிற வண்டி வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுச்சே." அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவைக் காட்டினார். "நீங்க எழுதினபடிதானே மேடம் செஞ்சேன்?"

கதவில் அவள் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு ஆய்வகத்தின் எலி அவள் கூண்டில் கலந்து ஆறு மாத உழைப்பு பாழானபோது, எரிச்சலில் எழுதி ஒட்டியது: 'கறுப்பு அல்லாத குட்டி கலப்பு. உடனே நீக்கவும். என்னிடம் கேட்க வேண்டியதில்லை.' கடைசி வரியின் கீழே இரண்டு கோடு வேறு.

எலியண்ணன் மேல் கோபப்படக்கூட வழியில்லை. தன் மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுபடி அந்த எலிகளை உருவாக்கி இத்தனை தலைமுறை வளர்க்க வருடக்கணக்கில் ஆகும். அவளுக்கு இருப்பதோ நான்கு நாள். காகிதத்தைப் பிய்க்கக் கையை ஓங்கினாள்.

"கிழிச்சு என்ன ஆகப்போகுது மேடம்? நல்ல ரூல்னு ஆறு ரூம்லயும் காப்பி எடுத்து ஒட்டியிருக்காங்க."

நடையில் வேகமாக நடந்தாள். ஒவ்வொரு கதவிலும் அதே காகிதம், அதே இரண்டு கோடு. நான்காவது அறையில் ஒரு பெண் கூண்டுக்குள் கையை விட்டு வேறு நிறக் குட்டிகளைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தாள். இவள் கதவுக் கண்ணாடியைப் படபடவென்று தட்டி, "நிறுத்துங்க! அதைக் கொல்லாதீங்க!" என்று கத்தினாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கையுறை விரலால் கதவிலிருந்த காகிதத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு, மறுபடி வேலையில் குனிந்தாள்.