ஆமாங்க

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. வாடகைப் பத்திரத்துக்கு வெளியே அதற்கு வேலை இல்லை. ஊருக்கு அவர் ‘ஆமாங்க’. தெருமுனையில் முப்பது வருஷமாகச் சலூன் வைத்திருப்பவர். நாற்காலியில் உட்கார்ந்தவன் எதைச் சொன்னாலும் “ஆமாங்க” என்பார். மழை வரும் என்றால் ஆமாங்க, வராது என்றால் அதற்கும் ஆமாங்க. காலையில் ஒருவன் வந்து மச்சானைத் திட்டுவான். சாயங்காலம் அந்த மச்சானே வந்து திட்டினவனைத் திட்டுவான். இரண்டு பேருக்கும் ஆமாங்க. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு எதிர்வாதம் பேசுகிற சலூன்காரரிடம் எவன் போய் உட்காருவான்?

இந்த ஆமாங்கவுக்கு எதிர்க்கட்சி ஒன்று இருந்தது. அது மாடியில், சலூனுக்கு நேர் மேலே குடியிருந்தது. அவருடைய வீட்டம்மா. ஒரு மாதத்துக்கு முன்பு ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறி விழுந்து, இடது காலில் முட்டிக்கு மேல் வரை மாவுக்கட்டு. கட்டிலில் கிடந்தபடியே, பலகைத் தளம் வழியாகக் கீழே கடையில் நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். கணவர் அசட்டு ஆமாங்க போட்டால் ஊன்றுகோலால் தரையில் ஒரு இடி. ரொம்ப அசடாக இருந்தால் இரண்டு. வாடிக்கையாளர்கள் எலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமைகளில் மட்டும் இடி அதிகமாக இருக்கும். அன்றைக்குத்தான் டயர் கடைக்காரர் வருவார். உச்சியில் இரட்டைச் சுழி உள்ள தலை, எப்படிச் சீவினாலும் படியாது. வாயும் அப்படித்தான். “இந்தத் தெருவுல இருக்கிறதெல்லாம் வந்தேறிக் கூட்டம். ஒருநாள் மொத்தமா கழுவி விடணும். உங்களைச் சொல்லல, நீங்க நல்லவரு,” என்பார்.

இந்தத் தெருக்காரர்களின் தாத்தாக்கள் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள் என்பது உண்மைதான். ஆமாங்கவின் தாத்தாவும் அதே வண்டியில் வந்தவர்தான். ஆனாலும் என்ன செய்ய?

“ஆமாங்க.”

மேலே இடி, இரண்டு.

பேச்சு பேச்சாக இருந்தவரை காதில் வாங்கிக்கொண்டு போக முடிந்தது. போன வெள்ளிக்கிழமை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், இந்தத் தெருக்காரர்களின் உறவுக்காரர்கள் இருந்த தெருவுக்கு ஒரு கூட்டம் வந்தது. முகத்தைத் துணியால் கட்டிக்கொண்ட கூட்டம். பதினொரு வீடு எரிந்தது, மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருவர் ஆமாங்கவின் சித்தப்பா மகன், தையல்கடைக்காரர். கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அவர் போன் செய்திருந்தார். “எல்லாம் தெரிஞ்ச ஆளுங்கதானே, பேசிக்கலாம். ஒண்ணும் ஆகாதில்லண்ணே?” என்று கேட்டார். கையில் வாடிக்கையாளர் தலை இருந்ததால் ஆமாங்க பழக்கதோஷத்தில் தம்பிக்கும் அதையே சொன்னார்.

“ஆமாங்க, ஒண்ணும் ஆகாது.”

தம்பி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வாசலில் போய் நின்றார். நின்ற இடத்திலேயே முடித்துவிட்டார்கள். அடக்கம் முடிந்து வந்த அன்று ஆமாங்க கண்ணாடி முன்னால் நின்று அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து அழுதார். மேலிருந்து ஒரு இடிகூட வரவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

கொளுத்தினவர்கள் இங்கேயும் வரப்போகிறார்கள் என்று சேதி பரவியதால், ஞாயிற்றுக்கிழமை காலை தெருக்கூட்டம் சலூனில் கூடியது. நாற்காலி அங்கேதான் அதிகம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மருந்துக்கடைக்காரர் முதலில் பேசினார். சட்டையில் கசங்கல்கூட விழப் பொறுக்காத மனிதர்.

“நாம அமைதியா இருப்போம். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தா வந்தவங்க பார்த்துட்டுப் போயிடுவாங்க.”

“ஆமாங்க,” என்றார் ஆமாங்க. மேலே ஒரு இடி.

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். “வெள்ளிக்கிழமை அந்தத் தெருவுல பதினொரு வீட்டுக் கதவும் சாத்தித்தான் இருந்துச்சு.”

“ஆமாங்க.” மேலே அமைதி.

“ஆயுதம் எடுத்தா நமக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“ஆமாங்க.” இடி.

“எடுக்காம செத்தா வித்தியாசம் தெரியும், ஆனா பார்க்கிறதுக்கு நாம இருக்க மாட்டோம்.”

“அதுவும்... ஆமாங்க.”

“நீங்க எந்தப் பக்கம்னு ஒரு தடவை சொல்லிடுங்களேன்,” என்றாள் டீச்சர்.

ஆமாங்க நாற்காலியில் விழுந்திருந்த முடியைத் தட்டிவிட்டார்.

கடைசியில் டீச்சர் பக்கமே ஜெயித்தது. காரணம், அவள் வீட்டில் துப்பாக்கி இருந்தது. காலமான கணவர் காட்டுப்பன்றி சுட உரிமத்தோடு வாங்கிய இரட்டைக்குழல். பன்றி ஒன்றும் சாகவில்லை, அவர்தான் வயதாகிப் போய்ச் சேர்ந்தார். மீதி இருந்தது இரண்டு தோட்டா. ஒன்று ஈரத்தில் ஊதிப்போயிருந்தது. “வர்றவங்க நாப்பது பேர்னு வெச்சுக்குங்க. நம்மகிட்ட ரெண்டு. இதை வகுக்கக் கூடாது, மிரட்டணும்,” என்று டீச்சர் விளக்கினாள். அவள் சலூன் மொட்டைமாடியில் நிற்பது, மருந்துக்கடைக்காரர் போலீசுக்கு போன் போடுவது, மற்ற ஆண்கள் கையில் கிடைத்ததோடு வாசலில் நிற்பது என்று முடிவாயிற்று. தெருவை அடைத்து முன்னால் நிற்க ஒரு ஆள் வேண்டும். எல்லோரும் ஒருசேர சலூன் கத்தியைப் பார்த்தார்கள்.

“தினமும் பத்துப் பேர் கழுத்துல கத்தி வைக்கிறவரு. கடையும் தெருமுனையிலேயே இருக்கு. இவரை விட்டா யாரு?” என்றார் எவரோ. மாட்டேன் என்று சொல்லத்தான் ஆமாங்க வாயைத் திறந்தார். வாய்க்குத் தெரிந்தது ஒரே வார்த்தை.

அன்று மதியம் அவர் நிஜமாகவே யோசித்தார். இத்தனை வருஷமும் அவருடைய வீரமெல்லாம் காலில்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சண்டை, கடைத்தெருச் சண்டை, ஒருமுறை வெறிநாய், எல்லாவற்றையும் ஓடியே ஜெயித்தவர். இந்த முறை ஓட இரண்டு கால் போதாது. மனைவியின் காலையும் சேர்த்துத் தூக்க வேண்டும். மாடிக்குப் போய் இரண்டு துணியைப் பையில் திணித்துவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மூன்றாவது படியில் மாவுக்கட்டு சுவரில் சிக்கியது. அவரால் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

“என்னை இங்கயே உட்கார வையுங்க,” என்றாள் அவள்.

உட்கார வைத்தார். மூச்சு வாங்கியது.

“நீங்க போறதுன்னா போங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். துணி மட்டும் காயப் போட்டிருக்கு, எடுத்து வெச்சுட்டுப் போங்க.”

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதனாலேயே அவரால் போக முடியவில்லை. மொட்டைமாடிக்குப் போய்த் துணிகளை எடுத்து, உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்தார். மடித்து முடித்தபோது பயம் அப்படியே இருந்தது, ஓடும் எண்ணம் மட்டும் போய்விட்டது.

திங்கட்கிழமை நாலு மணிக்குக் கூட்டம் வந்தது.

சத்தம் கேட்டபோது ஆமாங்க தோல் பட்டையில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அப்படியே வெளியே வந்தார். வலது கையில் கத்தி, இடது தோளில் துண்டு. திரும்பிப் பார்த்தார். கைக்குக் கிடைத்ததோடு நிற்பதாகச் சொன்ன ஆண்களுக்குக் கதவுத் தாழ்ப்பாள்தான் கைக்குக் கிடைத்திருந்தது. மருந்துக்கடைக்காரர் மட்டும் கடை வாசலில் நின்று போனில், “புகார் எழுதித் தரவா? வந்துட்டாங்கன்னு சொல்றேன், எழுதித் தரச் சொல்றீங்களே,” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

முப்பது, நாற்பது பேர். கம்பி, தடி, கேன்களில் பெட்ரோல். எல்லோர் முகத்திலும் துணி. ஆமாங்கவுக்கு எதிரே பத்தடி தூரத்தில் வந்து நின்றார்கள். ஒற்றை ஆள் எதிர்த்து நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பிப்போய்விட்டார்கள். பொறி ஏதாவது இருக்குமோ என்று முன்வரிசை பின்வரிசையைப் பார்த்தது.

முகத்தை மூடியவர்கள் தலையை மூட மறந்துவிட்டார்கள். வேறு எந்தத் தெருவுக்குப் போனாலும் அது தப்பில்லை. சலூன்காரர் நிற்கிற தெருவுக்கு வரும்போது செய்யக் கூடாத தப்பு. பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்த முன்வரிசையை ஆமாங்கவின் கண் தானாகவே மேய்ந்தது. இடது காது மடல் கிழிந்தது, பால் ஏஜென்ட். பிடரியில் தேமல், வேன் டிரைவர். முன்நெற்றியில் அவசரமாக ஏறிப்போன வழுக்கை, தபால் ஆபீஸ். நடுவில் இரட்டைச் சுழி. நான்கு நாளைக்கு முன்பு அவரே வெட்டிவிட்ட தலை. வெட்டு நன்றாக அமைந்திருந்ததை அந்த நேரத்திலும் மனது கவனித்தது.

ஏதாவது சொல்ல வேண்டும். ஆட்கள் எதிரே நிற்கிறார்கள், கையில் கத்தி இருக்கிறது, தோளில் துண்டு இருக்கிறது. முப்பது வருஷப் பழக்கம் வாயைத் திறந்துகொண்டு வந்தது.

“அடுத்தது யாரு?”

கூட்டம் அப்படியே நின்றது. அதை எப்படிச் சொன்னார் என்று பிற்பாடு தெருவே நடித்துக் காட்டியது. அவர் சொன்னதென்னவோ சாதாரணமாகத்தான். ஆனால் கேட்டவர்களுக்கு இதற்கு முன்னால் ஒருவனை முடித்துவிட்டு வந்து கேட்கிற மாதிரி இருந்தது. ஒருவரும் ‘நான்’ என்று சொல்லவில்லை. கூட்டத்தோடு வருவதே அதைச் சொல்லாமல் இருக்கத்தானே.

பதில் வராததால் ஆமாங்க குழம்பி, கடையில் செய்கிறபடியே வரிசையை ஒழுங்குபடுத்தினார். “ரெட்டைச் சுழி, நீங்கதானே முன்னால வந்தது? தபால் ஆபீஸ் சார் அப்புறமா?”

தபால் ஆபீஸ் இரண்டு கையாலும் வழுக்கையை மூடிக்கொண்டார். அதே நேரம் மேலே டீச்சர் விசையை இழுத்தாள். முதல் தோட்டா ‘டிக்’ என்றது. இரண்டாவது, அந்த ஊதிப்போனது, வெடித்தது. வானத்துக்கு வைத்த குறி, ‘டிக்’ கேட்டு அவள் குழலைத் தாழ்த்தியதில் சலூன் போர்டில் பட்டு, போர்டு கூட்டத்துக்கு முன்னால் தடால் என்று விழுந்தது. அதற்குப் பிறகு ஓட்டம்தான். ஓடுவதை ஒரு கலையாகப் பழகியிருந்த ஆமாங்கவே அவர்களுடைய வேகத்தை மெச்சினார். எட்டு ஜோடிச் செருப்பு தெருவில் கிடந்தது.

தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்றது தெரு. எந்தத் தம்பிரான் என்பதில்தான் தகராறு. துப்பாக்கியால்தான் என்றாள் டீச்சர், அவளுக்கு ஆமாங்க. ஆறரை மணிக்கு ஜீப் வந்ததால், தன் போனால்தான் என்றார் மருந்துக்கடைக்காரர், அவருக்கும் ஆமாங்க. உங்க தைரியம்தான் என்றார்கள் தாழ்ப்பாள்காரர்கள். அதற்கு மட்டும் அவர் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார். தன்னுடைய தைரியம் எந்த லட்சணத்தில் வாயிலிருந்து விழுந்தது என்று அவருக்குத் தெரியும். தைரியமாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தையைத் தம்பிக்குச் சொல்லாமல் விட்டதும் தெரியும்.

பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை, டயர் கடைக்காரர் வந்தார். ஒன்றும் நடக்காதது போல நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினார். பெஞ்சில் மருந்துக்கடைக்காரரும் இன்னும் மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஆமாங்க நுரை போட்டு, வலது கன்னத்தை வழித்து முடித்து, கத்தியைத் தொண்டைக்குக் கீழே கொண்டுபோனார். கை அசையவே இல்லை.

“என்னவோ நடந்து போச்சு,” என்றார் டயர் கடைக்காரர், கண்ணை மூடிக்கொண்டு. “ரெண்டு கை தட்டினாத்தான் ஓசை. உங்க ஆளுங்க மேலயும் தப்பு இருக்கு. அந்தத் தையல்காரன் வாசல்ல வந்து நின்னு பேர் சொல்லிக் கூப்பிடாம இருந்திருந்தா அவனுக்கு அப்படி ஆகியிருக்குமா?”

சொல்லிவிட்டு, வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தார்.

ஆமாங்க கத்தியைத் தொண்டையிலிருந்து எடுத்தார். துண்டில் துடைத்தார். மடக்கித் தட்டில் வைத்தார். கத்தியோடு சொன்னால் அது கத்தி சொன்னதாகிவிடும் என்று அவருக்குப் பட்டது.

“இல்லீங்க,” என்றார்.

டயர் கடைக்காரர் கண்ணைத் திறந்தார். “என்ன?”

“இல்லீங்க. அவன் என் தம்பி. அவன் பேர்ல ஒரு தப்பும் இல்லீங்க. தெரிஞ்ச ஆளுங்கன்னு நம்பினான். நீங்க போய்க் கொன்னீங்க. இங்கயும் வந்தீங்க. உங்க சுழியை நான் இருபது வருஷமா வெட்டறேன், எனக்குத் தெரியாதுங்களா? போலீஸ் கேட்டா நான் சொல்லத்தான் போறேன்.”

இதைச் சொல்லும்போது அவர் பிடித்திருந்த தட்டில் சீப்புகூட ஆடியது. டயர் கடைக்காரர் எழப் பார்த்தார். கண்ணாடியில் பாதி முகம் வழவழவென்று இருந்தது, மீதிப் பாதியில் நுரை. கடைத்தெரு முழுக்க நடந்து போக வேண்டும். மறுபடி உட்கார்ந்தார்.

“மீதியைப் பண்ணுங்க,” என்றார் சின்னக் குரலில்.

“கை நடுங்குதுங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

டயர் கடைக்காரர் பொறுத்துக்கொண்டார். தன் கழுத்துக்காகப் பொறுப்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. ஆமாங்க மேலே பார்த்து, இடி வருகிறதா என்று காதைத் தீட்டினார். வரவில்லை. இவ்வளவு நேரம் மேலே இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. மெல்ல மெல்லக் கை அடங்கியது. இடது கன்னத்தையும் ஒரு கீறல் விழாமல் முடித்து, படிகாரம் தேய்த்து, துண்டை உதறினார். டயர் கடைக்காரர் கண்ணாடியைப் பார்க்காமல் எழுந்து போனார்.

ஆமாங்க நாற்காலியைத் தட்டிச் சுத்தம் செய்தார். பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

“அடுத்தது யாரு?”

மருந்துக்கடைக்காரர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

“நான்,” என்றார். “பால் ஏஜென்டை நானும் பார்த்தேன். போலீஸ்கிட்ட நானும் வரேன்.”