வீர்பாலுக்கு விசா வந்தது

இந்தக் கதையைக் கேட்டு யாரையாவது திட்ட வேண்டும் என்று தோன்றினால் என்னிடமிருந்தே தொடங்குங்கள். அந்தக் கட்டத்தில் டிக் போடச் சொன்னது நான்தான்.

எங்கள் அம்மாவைக் கனடாவுக்கு அழைத்துக்கொள்ள மனு போட்டுவிட்டு ஐந்து வருஷம் காத்திருந்தேன். அம்மாவை நாங்கள் பீபி என்போம். அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். பீபியின் மனுவிலேயே என் கடைக்குட்டித் தம்பி ஜக்சீரும் இருந்தான், மணமாகாத மகன் என்ற கணக்கில். கல்யாணம் ஆகிவிட்டால் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். விசா இந்த மாசம், அடுத்த மாசம் என்று இருந்தபோது எங்கள் ஊர்ப் பக்கம் மான்சாவிலிருந்து போன் வந்தது. ஜக்சீருக்குப் பேசி முடித்திருந்த வீர்பாலின் அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டதாம்.

"மக கல்யாணத்துல நாலு சுத்து சுத்துறதைப் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடுவேங்கிறாரு மனுஷன். சாகப்போறவர் வார்த்தை, எப்படித் தட்டுறது?" என்று பீபி அழுதாள்.

"யாரு தட்டச் சொன்னா? பண்ணிடுங்க," என்றேன். "முப்பது பேருக்கு மேல கூப்பிடாதீங்க. குருத்வாரா கல்யாண நோட்டுல எழுத வேண்டாம். போட்டோ கீட்டோ ஒண்ணும் வேண்டாம். கேட்டா நிச்சயம்னு சொல்லுங்க. ஜக்கா, ஃபார்ம்ல 'மணமாகாதவர்'னே இருக்கட்டும். இங்க வந்து சேரு முதல்ல. அப்புறமா ஊருக்குப் போய் ஜாம்ஜாம்னு இன்னொரு தடவை கட்டிக்கோ. பொண்ணு அதே பொண்ணுதானே, எங்க ஓடிடப் போறா?"

போனின் அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். ஜக்சீர் சிரித்தானா என்று தெரியாது. நான் எள் என்றால் எண்ணெயாக நிற்பவன் அவன், சின்ன வயசிலிருந்தே அப்படி. எனக்கோ என் புத்திசாலித்தனத்தில் கொஞ்சம் மிதப்பே வந்தது.

ஜனவரியில் கல்யாணம். பிப்ரவரியில் அந்த மனுஷன் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். மே மாசம் பீபியும் ஜக்சீரும் டொராண்டோவில் இறங்கினார்கள். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டாராம்: மனு போட்ட பிறகு கல்யாணம், குழந்தை, ஏதாவது மாற்றம் உண்டா? இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

ஜூன் மாசம் வீர்பால் போன் செய்தாள்.

"பேன்ஜி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு மாசம் ஆகுது."

எங்கள் பக்கத்தில் அக்காவையும் நாத்தனாரையும் பேன்ஜி என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு, ஆசையாகச் சொன்னது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாய் நிறைய வாழ்த்தியிருக்க வேண்டும். நானோ விரல்விட்டு மாசத்தை எண்ணினேன். டிசம்பரில் பிறக்கும் குழந்தைக்கு, மே மாசம் 'மணமாகாதவர்' என்று இறங்கியவன் எப்படி அப்பா ஆவான்?

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். நாங்கள் ஒன்பதோடு நிறுத்தவில்லை. பிரசவத்துக்கு வீர்பாலை அவள் அண்ணி பெயரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. சீரத் என்று பெயர். பிறப்புச் சான்றிதழில் அப்பா வீர்பாலின் அண்ணன், அம்மா அண்ணி. பேச்சு வந்ததும் பெற்றவளை அத்தை என்று கூப்பிடப் பழக்கினார்கள். அந்த யோசனையும் யாருடையது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மூன்று வருஷம் கழித்து ஜக்சீர் ஊருக்குப் போய் இரண்டாவது தடவை தாலியில்லாத எங்கள் முறைப்படி நாலு சுத்து சுத்தினான். இந்தத் தடவை மண்டபம், பேண்டு, நானூறு பேர், குதிரை, பதிவுச் சான்றிதழ் எல்லாம். அப்பன் குதிரையில் வருகிறான். மூன்று வயசு மகள் பெண் வீட்டார் கூட்டத்தில் நின்று கை தட்டுகிறாள். போட்டோக்காரனிடம் நான் கறாராகச் சொல்லிவிட்டேன், அந்தக் குழந்தை எந்தப் படத்திலும் மணமக்கள் பக்கத்தில் வரக் கூடாது என்று. அது இரண்டு தடவை ஓடிவந்து வீர்பாலின் துப்பட்டாவைப் பிடித்தது. இரண்டு தடவையும் நானே தூக்கிக்கொண்டு போய் விட்டேன்.

பிறகு மனைவியை அழைக்க மனு போட்டோம். பிராம்ப்டனில் இனிப்புக் கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருக்கும் ஔலக்தான் ஏஜென்ட். அவரிடமும் பாதிதான் சொன்னோம். குழந்தைகள் என்ற இடத்தில் 'இல்லை'. நேர்காணல் வைத்தால் என்ன கேட்பார்கள் என்று வாரா வாரம் நான் போனில் பரீட்சை வைத்தேன். கல்யாணத் தேதி என்ன, ஜக்சீர் எந்தக் கம்பெனி லாரி ஓட்டுகிறான், டீயில் சர்க்கரை போடுவானா, என் பிள்ளைகள் பெயர் என்ன? வீர்பால் கடகடவென்று ஒப்பித்தாள்.

"பேன்ஜி, பள்ளிக்கூடத்துல இப்படிப் படிச்சிருந்தா நானே கலெக்டராகி உங்களுக்கு விசா குடுத்திருப்பேன்," என்று சிரிப்பாள்.

காகிதத்தில் எல்லாம் கச்சிதம். உடம்பை மறந்துவிட்டோம்.

விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. சண்டிகரில் ஒரு லேடி டாக்டர் வீர்பாலைப் படுக்க வைத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சாதாரணமாகக் கேட்டாளாம்: "ஆபரேஷன் பிரசவமா? எந்த வருஷம்?" எங்கள் பரீட்சையில் இந்தக் கேள்வி கிடையாது. இவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். டாக்டர் தன் வேலையைச் செய்தாள். பார்த்ததை எழுதினாள்.

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. குழந்தைகள் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். மருத்துவ அறிக்கையில் பிரசவத் தழும்பு இருக்கிறது. முப்பது நாளுக்குள் விளக்கம் தரவும்.

நானும் ஜக்சீரும் ஔலக்கிடம் போய் முழுசையும் கொட்டினோம். மனிதர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பேன்ஜி, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சதும் இல்லாம, எனக்கே பரிமாறியிருக்கீங்க."

"உண்மையை எழுதினா என்ன ஆகும்?" என்றான் ஜக்சீர்.

"உண்மையை எழுதினா, நீ கல்யாணமானவனா வந்தேன்னு ஆகும். அப்ப நீ இங்க வந்ததே தப்பு. உன் குடியேற்றக் கார்டைப் பிடுங்கி ஊருக்கு அனுப்புவான். மகன் கல்யாணத்தை மறைச்சுக் கூட்டிட்டு வந்ததுக்கு உங்கம்மாவையும் கேப்பான். இறங்கறப்போ சொல்லாத பொண்டாட்டியும் பிள்ளையும் அப்புறமா வர வழியில்ல. சட்டம் அப்படி."

"வேற வழி?"

ஔலக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். அவர் சொல்லியிருந்தால்கூட என் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். என் வாயில்தான் சனி உட்கார்ந்திருந்தது.

"ரெண்டாவது கல்யாணத்துக்கு அப்புறம் பிறந்ததுன்னு வச்சுக்கலாமே," என்றேன். "பிறந்து ரெண்டு நாள்ல செத்துப்போச்சு, துக்கத்துல சொல்லலைன்னு எழுதினா? தழும்புல தேதியா போட்டிருக்கு?"

ஜக்சீர் என்னைப் பார்த்தான். நான் மேஜையைப் பார்த்தேன்.

அன்று மாலையே வீர்பாலுக்கு போன் போட்டேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னாள்.

"பேன்ஜி, நீங்க சொல்லி நான் எதைச் செய்யல? கல்யாணம் நடக்கலைன்னு சொன்னேன். வேற ஒருத்தி பேர்ல படுத்துப் பெத்தேன். பெத்தவளை அத்தைன்னு கூப்பிட வச்சேன். என் வயித்துல பிறந்தது செத்துப்போச்சுன்னு மட்டும் எழுத மாட்டேன். நாக்கு அழுகிடும். உள்ளதை எழுதுங்க. ஒரு பொண்ணு இருக்கா, அஞ்சு வயசுன்னு எழுதுங்க. அவளோட வர்றதா இருந்தா வர்றேன். இல்லையா, நான் இங்கயே இருந்துக்கறேன். அவரை வேற எவளையாவது கட்டிக்கச் சொல்லுங்க."

"சரிம்மா, சரி. உள்ளதையே எழுதறோம்," என்றேன்.

எழுதவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். லாரி ஓட்டிவிட்டு நாலு நாளைக்கு ஒரு தடவை என் வீட்டு அடித்தள அறைக்கு வந்து, குளிர்ந்த ரொட்டியைத் தின்று, போனை மார்பில் வைத்துக்கொண்டு தூங்குகிற தம்பியை ஐந்து வருஷமாகப் பார்த்தவள் நான். அவனும் பீபியும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்புவதை என்னால் நினைக்க முடியவில்லை. இது காரணமா சாக்கா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. ஊரில் குழந்தை இறந்ததாக ஒரு காகிதம் தயார் செய்தார்கள், அதை ஔலக் வாங்கிக்கொடுத்தார். விளக்கக் கடிதத்தில் அழைப்பவன் என்ற முறையில் ஜக்சீர் கையெழுத்துப் போட வேண்டும். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஔலக் 'பெயர் வைக்கவில்லை' என்று தட்டினார்.

ஜக்சீர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போடு ஜக்கா," என்றேன்.

போட்டான்.

மூன்று மாசத்தில் வீர்பாலுக்கு விசா வந்தது.

"உண்மையை எழுதினதுக்கா குடுத்தாங்க?" என்று கேட்டாள். போனில் அழுதாள்.

"ஆமா. நல்ல அதிகாரி போல. குழந்தைக்குத் தனி ஃபைல் போடணுமாம். நீ முதல்ல வா. பின்னாடியே அவ வரட்டும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ஆறு மாசம்."

ஆறு மாசம் என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வாய் இருந்தது, வந்தது.

பிப்ரவரியில் வந்தாள். விமான நிலையத்தில் ஜக்சீர் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை, எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, பெட்டியை வாங்கிக்கொண்டான். காரில் அவள் என்னோடு பின்னால் உட்கார்ந்தாள். ஓயாமல் பேசினாள். விமானத்தில் தந்த சோறு வேகவில்லை, பக்கத்து ஆள் குறட்டை, இங்கே மரம் எல்லாம் ஏன் செத்துக் கிடக்கிறது. சீரத் அழவேயில்லையாம். கோடை விடுமுறை முடிவதற்குள் அத்தை கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறதாம்.

"நாளைக்கே அந்த ஏஜென்டைப் பார்த்துடலாமா பேன்ஜி? அவ போட்டோ, ஸ்கூல் பேப்பர் எல்லாம் கொண்டாந்திருக்கேன். எப்ப போடறோம் அவ ஃபைலை?"

கண்ணாடியில் ஜக்சீரின் கண் என்னைத் தேடியது. ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம், வேலை கிடைத்த பிறகு சொல்லலாம், இன்னொரு குழந்தை பிறந்தால் தானாக ஆறிவிடும் என்றெல்லாம் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கில் நான் என்றைக்குத் தேறினேன்?

"ஏன் ரெண்டு பேரும் பேசாம வர்றீங்க?"

"போட முடியாது வீர்பால்."

"ஏன்?"

"உண்மையை எழுதல. செத்துப்போச்சுன்னுதான் எழுதியிருக்கு."

அவள் கத்துவாள், என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யாரு எழுதினது?"

ஜக்சீர் சொல்வான் என்று காத்திருந்தேன். அந்தக் கல்லுளிமங்கன் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

"யோசனை என்னுது. கையெழுத்து அவனுது," என்றேன். "மறுபடி அவ பேரை எடுத்தா ரெண்டு பேரும் பொய் சொன்னதா ஆயிடும். எல்லாரையும் அனுப்பிடுவாங்க. இனிமே அவளுக்கு ஃபைலே கிடையாது."

வீர்பால் அவன் பின்னந்தலையைப் பார்த்தாள்.

"வண்டியை நிறுத்துங்க."

"இது ஹைவே. இங்க நிறுத்தக் கூடாது," என்றான்.

"நிறுத்துங்க. நான் திரும்பிப் போறேன்."

"நிறுத்த முடியாது வீர்பால். பின்னாடி வண்டி வருது."

அவன் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கதவின் பிடியில் அவள் கை போனதும் முன்னாலிருந்து பூட்டைப் போட்டான். அப்புறம் அவள் அவனை விட்டுவிட்டாள். என் பக்கம் திரும்பி, என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பேன்ஜி, அவரு என் பேச்சைக் கேக்க மாட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

உண்மைதான். நான் சொல்லியிருந்தால் நடுரோட்டில்கூட நிறுத்தியிருப்பான். நான் சொல்லவில்லை.

வீடு வந்தது. முதல்முதலாக வரும் மருமகளுக்கு வாசலின் இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று பீபி கிண்ணத்தோடு பனியில் நின்றுகொண்டிருந்தாள். ஊற்றினாள். வீர்பால் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை வைத்து உள்ளே போனாள். வேறு எங்கே போவாள்?