கூட்டினால் எட்டு

சனி எங்கே இருந்தது என்று கேட்டால் இசக்கியம்மாள் இப்போது சொல்லுவாள், நம்பரில் இல்லை, என் வாயில்தான் இருந்தது என்று. போன வருஷம் யார் சொல்லி யார் கேட்பது?

திருவொற்றியூரில் அவளுடைய மளிகை மொத்தக்கடைக்குத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே செல் நம்பர். மகள் குணசுந்தரி கணக்கு படிக்கப் போனதும் அந்தப் பத்து இலக்கத்தைக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுக் குதித்துக்கொண்டு வந்தாள்.

"யம்மா, உன் நம்பர் பகா எண்! ஒன்னையும் அதையும் விட்டா, வேற எந்த எண்ணாலயும் மிச்சமில்லாம வகுக்க முடியாது. எனக்கு இது மட்டும் சாகுற வரைக்கும் மறக்காது."

"ஏட்டி, முதல்ல வெங்காய மூட்டைய எண்ணு" என்றாள் இசக்கியம்மாள். உள்ளுக்குள் பெருமைதான். சரக்கு எடுக்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

பிறகு குணசுந்தரி வீட்டை மீறி ராயபுரத்துப் பையன் ஜெரியைக் கட்டிக்கொண்டு போனாள். "இனி இந்தப் படிய மிதிச்சிராத!" என்று தெருவே கேட்கக் கத்தினாள் தாய். அதோடு வியாபாரமும் படுத்துக்கொண்டது. பெரம்பூரில் எண் கணிதம் பார்ப்பவர் நம்பரைக் கூட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "எட்டு வருதும்மா. சனி. ஒன்பது வர்ற நம்பரா மாத்துங்க." சாகுற வரைக்கும் மறக்காது என்று மகள் சொன்னது ஞாபகம் வந்தது. வந்தும் மாற்றினாள், பாவி. அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

வியாபாரம் எழுந்திருக்கவில்லை. மகளின் புது நம்பர் இவளுக்குத் தெரியாது; அவளிடமிருந்தும் ஒரு போனும் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று வைதாள். வைதுகொண்டே ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் ஓடினாள்.

நேற்று பிரியாணிக் கடை ஹபீபுல்லா பழக்கதோஷத்தில் பழைய நம்பருக்கு அடித்துவிட்டு வந்து சொன்னார். அதை இப்போது ஒரு டிரெய்லர் டிரைவர் வைத்திருக்கிறாராம். நீயும் அந்த அம்மாவைத்தான் கேட்கிறாயா என்று எரிந்து விழுந்தாராம். இசக்கியம்மாள் உடனே அந்தப் பழைய நம்பருக்கு அடித்தாள்.

"அட, அந்த அம்மா நீதானா? ஒரு பொண்ணு வாரா வாரம் போன் பண்ணிகினு இருந்துச்சு. ராங் நம்பர்னா நம்ப மாட்டேங்குது. 'எங்கம்மா இந்த நம்பர வுடவே மாட்டாங்கண்ணா'ன்னு ஒரே அயுகை. பேஜாராப் பூட்ச்சு, திட்டி வுட்டேன். அப்பால பண்றதில்ல. இரு, அதோட நம்பர் கீது, எய்திக்கோ."

எழுதிய கையோடு மகளுக்கு அடித்தாள்.

"அலோ, யாரு?"

"நாந்தாம்ட்டி, அம்மா."

மறுபக்கம் இலக்கங்களை ஒவ்வொன்றாக முணுமுணுப்பது கேட்டது. வந்த நம்பரைக் கூட்டிப் பார்க்கிறாள் போல.

"ஒன்பது வருது" என்றாள் மகள். "அப்ப ஒன்பதாலயே வகுபட்டுரும்மா. மூணாலயும்."

"பழசத் திருப்பி வாங்கிருதேன். அந்த டிரைவர் கால்ல விழுந்தாவது வாங்கிருதேன்ட்டி."

"வேணாம்மா. அந்த நம்பர இப்பத்தான் கஷ்டப்பட்டு மறந்தேன்" என்று சொல்லிவிட்டு குணசுந்தரி போனை வைத்தாள்.