ஒத்திகையில் ஒரு தலை குறைந்தது

எங்கள் பள்ளிக்கூடம் ஒரே கட்டடம்தான். படிப்பு மட்டும் இரண்டு. மேல்மாடியில் நடக்கும் உயர்கணித வகுப்பில், என்னைத் தவிர எல்லாரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். என்னைப் போன்ற கறுப்புப் பிள்ளைகளுக்குக் கீழ்த்தளம். அப்படி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காமலே நடத்துவதுதான் இவர்கள் சாமர்த்தியம்.

அம்மா சிட்டி பஸ் ஓட்டுகிறாள். யூனிஃபாரத்தோடு வந்து பிரின்சிபாலிடம் சண்டை போட்டு என்னை மேலே ஏற்றிவிட்டாள். ஏறிய நாளிலிருந்து என் வாய்க்கு வேலையில்லை. ஜோடி சேர்ந்து கணக்குப் போடச் சொன்னால் ஆளாளுக்கு நாற்காலியைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு டீச்சர்தான் ஜோடி. மதியம் கீழே சாப்பிடப் போனால் பெரியம்மா மகள் கியோனா பிடித்துக்கொள்வாள்.

"வாங்க மேல்மாடி மகாராணி! எங்க ஃப்ரைஸெல்லாம் உங்க தொண்டையில எறங்குமா?"

சிரிப்பேன். பாதித் தட்டு அப்படியே மிச்சமிருக்கும்.

வகுப்பு மாற வெள்ளிக்கிழமை கடைசி நாள். "கஷ்டமா இருந்தா கீழ போயிடும்மா, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்று பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் பள்ளிக் கவுன்சிலர் இனிக்க இனிக்கச் சொல்லியிருந்தார். வியாழன் காலையில் முடிவு பண்ணிவிட்டேன், இறங்கிவிடலாம் என்று. அம்மாவிடம் சொல்வதுதான் பாக்கி.

அன்றைக்குத்தான் தீ விபத்து ஒத்திகைக்கு மணி அடித்தது. நவம்பர் குளிரில் பள்ளிக்கூடமே மைதானத்துக்கு வந்தது. என் வகுப்பு வரிசையில் நின்றேன். யாரோ லீவு போட்டதற்குப் பதிலாக வந்த வாத்தியார் ஒருவர் என் தோளைத் தட்டி, கீழ்த்தளப் பிள்ளைகளின் வரிசையைக் காட்டினார்.

"உன் வரிசை அங்கேம்மா."

"இல்ல சார், இதான் என் கிளாஸ்."

"விளையாடாத. போ, போ."

பிராட்லி திரும்பிப் பார்த்தான். வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரன். பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டான். நான் போனேன்.

கியோனா நகர்ந்து இடம் விட்டாள். "என்ன மகாராணி, நாடு கடத்திட்டாங்களா?" என்றவள் என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் தலை எண்ணியபோது மேல்மாடிக் கணக்கில் ஒரு தலை குறைந்தது. குறைந்தால் ஒருவரும் உள்ளே போக முடியாது. ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது: "ஜானெல் விட்ஃபீல்ட்!" டீச்சர் வரிசையில் ஒவ்வொருவரிடமாகக் கேட்பது எனக்கே கேட்டது. "பிராட்லி, உன் பக்கத்துலதான உக்காருவா? பாத்தியா?"

"தெரியலையே மிஸ்."

"போகாதடி," என்றாள் கியோனா. "வெறச்சுச் சாகட்டும்."

எனக்கும் ஆசைதான். கியோனா பக்கத்தில் கதகதப்பாக இருந்தது. ஆனால் நாளைக்கு நான் கீழே இறங்கிவிட்டால், அந்த வாத்தியார் சொன்னது ஒரு நாள் முந்திச் சொன்ன உண்மையாகிவிடும்.

கையை விடுவித்துக்கொண்டேன். "போடி, போ," என்றாள் கியோனா. அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அத்தனை பேரும் பார்க்க மைதானத்தைக் கடந்து போய் என் வரிசையில் நின்றேன்.

"அங்க என்னம்மா பண்ணிட்டிருந்த?" என்றார் டீச்சர்.

"அந்த சார்தான் அனுப்பினாரு."

அந்த சார் வானத்தைப் பார்த்தார்.

வகுப்பில் வந்து உட்கார்ந்ததும் பிராட்லி என் பக்கம் சாய்ந்தான். "சீக்கிரம் வந்திருக்கலாம்ல? குளிர்ல செத்தோம்."

செப்டம்பரில் நான் மேலே ஏறியதிலிருந்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

வெள்ளிக்கிழமை கவுன்சிலர் அறைக் கதவு திறந்தே இருந்தது. அதைத் தாண்டி மேல்மாடிக்கு ஏறினேன். கூட யாரும் ஏறவில்லை.