நாளைக்கு நான்கு வினாடி

முகர்ரமின் கழுதை ஒரு நாளைக்கு நான்கு வினாடிதான் நடக்கும். கம்பியும் கம்பளித் துணியுமாகச் செய்த சாண் உயரப் பொம்மை அது. காலை மயிரிழை நகர்த்தி ஒரு படம், இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு படம் என்று தொண்ணூற்றாறு படம் எடுத்தால் திரையில் நான்கு வினாடி ஆகும். தாஷ்கண்டின் அந்தச் சின்னப் பொம்மைப்படக் கூடத்தின் கீழறையில் இருபத்தாறு வருடமாக அவள் இப்படித்தான் வேலை பார்த்து வந்தாள்.

பனிக்காலத்தில் புது நிர்வாகி வந்தார். பெயர் தவ்லத்யோர், வயது முப்பத்தெட்டு. அவருடைய பதவிப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல நுரையீரல் பலம் வேண்டும். வந்த அன்றே 'வேகமே படைப்பு' என்று வாசலில் எழுதச் சொன்னார். எழுதியவர் நல்ல ஓவியர் என்பதால் அதற்கு மூன்று வாரம் பிடித்தது.

அடுத்ததாக முகர்ரமுக்கு ஓர் உத்தரவு வந்தது. நவ்ரூஸ் புத்தாண்டுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. மீதமுள்ள இரண்டு நிமிடப் படத்தை அதற்குள் முடிக்காவிட்டால் படம் மேல்மாடிக் கணினிக்காரர்களிடம் போய்விடும். மேல்மாடிக்குப் போனால் கழுதைக்கு இறக்கை முளைத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். சுமை ஏற்றிய கழுதை படியேறும்போது மூன்றாவது படிக்கு முன்னால் ஒரு கணம் யோசிக்கும். அதைக் கண்டுபிடிக்க ஊர்குத் சந்தையில் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்திருந்தவள் அவள்.

தவ்லத்யோர் நேரிலேயே வந்தார்.

"அக்கா, ரெண்டு காலை ஒரே நேரத்துல நகர்த்தினா பாதி நாள்ல முடிஞ்சிடுமே?"

"முடியும் தம்பி. ஆனா அது கழுதையா இருக்காது. முயலா இருக்கும்."

"யாரு கவனிக்கப் போறாங்க?"

"கழுதையைப் பாத்தவங்க எல்லாரும்."

"ஊரே ஓடுது. நீங்க வீட்டுக்கு அம்பது நிமிஷம் நடந்தே போறீங்களாம். மெட்ரோல பன்னெண்டு நிமிஷம்தான்!"

"மிச்ச முப்பத்தெட்டு நிமிஷத்தை என்ன பண்ணட்டும்? உங்க கூட்டத்துல வந்து உக்காரட்டுமா?"

ஒளிப்பதிவாளர் துர்கூன் சட்டென்று கேமராவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

'சரி' என்று சொல்லிவிட்டுப் பழையபடியே இருப்பதுதான் அந்தக் கட்டடத்தின் வழக்கம். முகர்ரம் அந்த வழியில் போகவில்லை. உத்தரவின் அடியில் 'முடியாது. நான்கு வினாடி' என்று எழுதி, கையெழுத்தையும் நிதானமாகப் போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

படத்தை மேல்மாடிக்கு மாற்ற வேண்டுமானால் கலைக்குழுத் தலைவர் இனோயத்துல்லா ஒப்புதல் தரவேண்டும். தொலைவிலுள்ள கோகந்து நகரத்துக்காரர், எழுபத்தோரு வயது. நான்காம் நாள் வந்தார். பதினைந்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவதாகத் தவ்லத்யோரின் திட்டம். கெண்டி முகர்ரமின் அறையில் இருந்ததால் தேநீரும் அங்கேதான்.

அந்த ஊர் வழக்கப்படி தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி மூன்று முறை கெண்டிக்கே திருப்ப வேண்டும். பிறகு விருந்தாளிக்குக் கால் கிண்ணம் ஊற்றிக் கொடுத்து, தீரத்தீர நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். நடை பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். தவ்லத்யோருக்கும் தெரியும். ஆனால் அன்று அவருக்கு அவசரம். திருப்பி ஊற்றாமல், ஒரே ஊற்றில் தளும்பத் தளும்ப நிரப்பி நீட்டினார்.

பெரியவர் கிண்ணத்தைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்து எழுந்தார்.

"நல்லது தம்பி. புரிஞ்சுது. கிளம்புறேன்."

"ஐயா, உக்காருங்க! உங்க நேரத்தை மிச்சம் பிடிக்கலாம்னுதான்..."

"எழுபத்தோரு வயசுல என்னை இப்படி வாசலுக்கு அனுப்பின முதல் ஆள் நீங்கதான். என் மாமியார்கூட செஞ்சதில்ல."

அவர் மேலங்கியை மாட்ட ஆரம்பித்தார். தவ்லத்யோர் முகர்ரமிடம் ஓடினார்.

"அக்கா, நீங்க ஊத்திக் கொடுங்க. நீங்க கொடுத்தா உக்காருவார்."

அவள் விரல்கள் கழுதையின் முன்னங்காலில் இருந்தன. "கால் அந்தரத்துல நிக்குது. கீழ வரட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி."

"அதுக்குள்ள அவர் கோகந்துக்கே போய்ச் சேர்ந்துடுவார்!"

"அப்ப எழுதிக் கொடுங்க. படம் இந்த அறையை விட்டுப் போகாது. தேதி கிடையாது."

பெரியவர் மனம் நொந்து போனால் தன் நாற்காலி நிலைக்காது என்பது தவ்லத்யோருக்குத் தெரியும். எழுதினார். அவர் பதவிக் காலத்திலேயே மிக வேகமாக முடிந்த வேலை அதுதான். முகர்ரம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தாள். பெரியவர் இரண்டாவது பொத்தானில் இருந்தார். ரொம்ப இறுக்கமான பொத்தான் போலிருக்கிறது.

"'தேதி கிடையாது'ன்னு சொன்னேன். நீங்க 'விரைவில்'னு போட்டிருக்கீங்க."

"ஒரு மரியாதைக்காக அக்கா..."

"அந்த வார்த்தையை அடிங்க."

அடித்தார். அவள் காகிதத்தை மடித்து மார்புப் பையில் வைத்தாள். கழுதையின் காலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். கழுதைக்கு ஒன்றும் அவசரமில்லை. கை கழுவினாள். கெண்டிக்கு மூன்று முறை திருப்பி ஊற்றினாள். கால் கிண்ணம் எடுத்துப்போய் இரு கையாலும் நீட்டினாள். பெரியவர் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"இந்தக் கழுதை படியேறி முடிக்க எத்தனை நாளாகும் மகளே?"

"தெரியாதுங்க."

"அப்ப இன்னொரு கிண்ணம் ஊத்து."

தவ்லத்யோர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விளக்கடியில் நின்றார்.

"தம்பி," என்றாள் முகர்ரம், கழுதையிடம் திரும்பிப் போய்க்கொண்டே. "போறதா இருந்தா போங்க. இருக்கறதா இருந்தா தள்ளி உக்காருங்க. உங்க நிழல் கழுதை மேல விழுது."

அறையில் வேறு நாற்காலி இல்லை. சற்று யோசித்துவிட்டு, தவ்லத்யோர் தரையில் உட்கார்ந்தார்.